கீழே சிக்கினால் மேலே பாருங்க: வீட்டு எம்பிராய்டரி மெஷினை டீபக் பண்ணுவது எப்படி?

இன்ஜினியரிங் காலேஜில் அட்மிஷன் போட்ட நாளிலிருந்து நம்ம எல்லாருக்கும் வீட்டில் ஒரு புது வேலை வந்து சேர்ந்திருக்கும். மிக்ஸி ஓடலையா, இன்வெர்ட்டர் கத்துதா, டிவி ரிமோட் வேலை செய்யலையா, உடனே கூப்பிடு. "நீ இன்ஜினியரிங் தானே படிக்கிற? இத என்னன்னு பாரு." நீங்க சிவில் படிச்சாலும் விதிவிலக்கு கிடையாது.

எனக்கு வந்தது சித்தியோட எம்பிராய்டரி மெஷின். ஒற்றை ஊசி, பென்டிரைவில் டிசைன் போட்டு ஓட்டுகிற வீட்டு மாடல். சித்தி அதில்தான் பிளவுஸ் கை, முதுகு டிசைன் போட்டுக் கொடுத்து சம்பாதிக்கிறாங்க. போன வைகாசி முகூர்த்த சீசனில் ஒரு கல்யாணப் பொண்ணோட பட்டு பிளவுஸ் வந்தது. புடவையோடவே சேர்ந்து வந்த பிளவுஸ் துணி, கை ரெண்டும் வெட்டியாச்சு. அதே கலரில், அதே ஜரிகை பார்டரோட இன்னொரு துண்டு உலகத்தில் எங்கேயும் கிடையாது. வலது கை டிசைன் பாதி ஓடும்போது மெஷின் 'கடகட'ன்னு சத்தம் போட்டு நின்னுடுச்சு. துணிக்கு அடியில் குருவிக்கூடு மாதிரி ஒரு நூல் உருண்டை. துணி ஊசித்தட்டோட ஒட்டிக்கிச்சு, எடுக்க வரலை.

அன்னைக்கு நான் பண்ணின தப்புகள் எல்லாத்தையும் சொல்றேன். அதுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதல் தப்பு, ஃபிரேமை மேலே பிடிச்சு இழுத்தேன். பட்டில் ஊசி குத்தின இடம் கிழிஞ்சது. ரெண்டாவது, சிக்கல் கீழே இருக்கே, அப்போ கோளாறும் கீழேதான்னு முடிவு பண்ணி, பாபின் கேஸில் இருக்கிற குட்டி ஸ்க்ரூவைத் திருகினேன். டெஸ்ட் துணியில் ஓட்டினேன், மறுபடியும் கூடு. இன்னும் கொஞ்சம் திருகினேன். அப்புறம் மேல் நூல் டென்ஷனையும் மாத்தினேன். ஊசியையும் மாத்தினேன். ஒரு மணி நேரம் கழிச்சு, முதலில் எது எங்கே இருந்ததுன்னே எனக்குத் தெரியலை.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் வந்தார். ஸ்க்ரூடிரைவரை வெளியே எடுக்கக்கூட இல்லை. பிரஷர் ஃபுட்டைத் தூக்கினார், நூலை உருவினார், மறுபடியும் கோத்தார், ஓட்டினார். கூடு வரலை. அதுக்கப்புறம் நான் திருகி வெச்ச பாபின் ஸ்க்ரூவைப் பழைய நிலைக்குக் கொண்டு வரத்தான் அவருக்கு அரை மணி நேரம் ஆச்சு. "தம்பி, நூல் கோக்கறப்போ ஃபுட் கீழ இருந்திருக்கு, அவ்ளோதான்" என்றார். அன்னைக்குக் கலர் மாத்தி நூல் கோத்தது நான்தான்.

கூடு ஏன் கீழே கட்டுது?

இது புரிஞ்சா பாதி மெஷின் புரிஞ்ச மாதிரி. தையல் மெஷின் போடுவது லாக் ஸ்டிச். ஊசி மேல் நூலைக் கீழே கொண்டு போகுது. ஊசி லேசாக மேலே ஏறும்போது அதன் பின்பக்கம் நூல் ஒரு சின்ன வளையமாகப் புடைக்கும். சுழலும் ஹூக்கின் கூர்முனை அந்த வளையத்தைப் பிடிச்சு, பெருசாக்கி, பாபின் முழுவதையும் சுத்திக் கொண்டு வரும். அதாவது ஒவ்வொரு தையலுக்கும் மேல் நூல் கணிசமான நீளம் கீழே இறங்குது. ஆனா தையலுக்குத் தேவை சில மில்லிமீட்டர்தான். மீதி நூல் என்ன ஆகும்? மெஷினின் முன்பக்கம் மேலும் கீழும் ஆடுதே ஒரு கொக்கி, டேக்கப் லீவர், அது மேலே போகும்போது மீதியை எல்லாம் திரும்ப இழுக்கும்.

இப்போ கவனிங்க. லீவர் இழுக்கும்போது நூல் ரெண்டு பக்கத்திலிருந்தும் வரலாம். கீழே துணிப் பக்கமிருந்து வரலாம், இல்லைன்னா நூல்கண்டு பக்கமிருந்து வரலாம். கண்டு பக்கம் டென்ஷன் தட்டுகள் நூலை அமுக்கிப் பிடிச்சிருந்தா, அங்கிருந்து சுலபமாக வராது. அதனால் கீழே இருக்கிற தொய்வு மேலே ஏறும், முடிச்சு இறுகும். தட்டுகள் பிடிக்கலைன்னா? எது சுலபமோ அதுதான் நடக்கும். லீவர் கண்டிலிருந்து புது நூலை இழுத்துக்கும். கீழே இறங்கினது கீழேயே கிடக்கும். அடுத்த தையலுக்கு இன்னொரு வளையம், அதுக்கடுத்து இன்னொண்ணு. நிமிஷத்துக்கு சில நூறு தையல் போடுகிற மெஷினில் கூடு கட்ட எத்தனை வினாடி ஆகும்?

பிரஷர் ஃபுட் மேலே இருந்தால் டென்ஷன் தட்டுகள் விரியும், கீழே இறக்கினால் மூடும். மூடின தட்டுக்கு நடுவில் நூல் நுழையாது, விளிம்பிலேயே உட்கார்ந்துக்கும். வெளியிலிருந்து பார்த்தா எல்லா வழியிலும் சரியாகக் கோத்த மாதிரியே தெரியும். அதனால்தான் கண்ணை நம்பாம கையை நம்பணும். ஃபுட்டைத் தூக்கி, ஊசிக்குப் பக்கத்தில் நூலை இழுத்துப் பாருங்க. லேசாக வரணும். ஃபுட்டை இறக்கி இழுங்க. நல்லா பிடிக்கணும், ஊசியே சற்று வளைகிற அளவுக்கு. ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லைன்னா நூல் தட்டுக்குள் இல்லை, இல்லைன்னா தட்டுக்கு நடுவில் அறுந்த நூல்துண்டோ பஞ்சோ மாட்டியிருக்கு. பத்து வினாடி டெஸ்ட். நான் இதைப் பண்ணியிருந்தால் அந்தக் கை கிழிஞ்சிருக்காது.

இதிலிருந்தே ஒரு பழக்கம். நூல் மாத்தும்போது கண்டுப் பக்கம் வெட்டிவிட்டு, ஊசிப் பக்கமாக, அதாவது நூல் வழக்கமாக ஓடும் திசையிலேயே உருவுங்க. பின்பக்கமாக இழுத்தால் பிசிறு எல்லாம் தட்டுக்குள் போய்ச் சேரும்.

கூடு கட்டிட்டா என்ன பண்றது?

ஸ்விட்சை அணைச்சு பிளக்கைப் பிடுங்குங்க. மேல் நூலை வெட்டுங்க. ஃபிரேமைத் தூக்காதீங்க. துணிக்கும் ஊசித்தட்டுக்கும் நடுவில் மெல்லிய கத்தரி முனை போகிற அளவு இடம் பண்ணி, அடியிலிருந்து நூல் இழைகளை ஒண்ணொண்ணாக வெட்டணும். இடமே இல்லைன்னா ஊசியைக் கழற்றி, முடிந்தால் ஊசித்தட்டின் ஸ்க்ரூவையும் கழற்றினால் வழி கிடைக்கும். அவசரம் கூடாது. சித்தி நான் கிழிச்ச இடத்தைப் பார்த்துட்டுக் கத்தலை. "நாலு நாள் டைம் இருக்கு" என்று மட்டும் சொன்னாங்க. கடைசியில் ரெண்டு கைக்கும் பொருத்தமான வேற பட்டு வாங்கி, அதில் டிசைன் போட்டு, கான்ட்ராஸ்ட் கை என்று பேசிச் சமாளிச்சாங்க. கூலி வாங்கலை. பட்டுக்குக் காசும் அவங்க கையிலிருந்துதான்.

ஒரு நேரத்தில் ஒண்ணே ஒண்ணு

லேபில் நமக்கு இது தெரியும். ரெண்டு வேரியபிளை ஒரே நேரத்தில் மாத்தினா ரிசல்ட் எதால வந்ததுன்னு சொல்ல முடியாது. வீட்டில் மட்டும் ஏனோ மறந்துடுது. எம்பிராய்டரி மெஷினுக்கு நான் இப்போ பின்பற்றுகிற வரிசை, திரும்பப் பழையபடி மாத்தக்கூடியது முதலில், திரும்ப மாத்த முடியாதது கடைசியில். அதாவது மேல் நூலை உருவி மறுபடி கோப்பது, பாபினை எடுத்துப் போடுவது, ஊசி மாத்துவது, பஞ்சு சுத்தம் பண்ணுவது. இந்த நாலுக்கும் அப்புறம்தான் டென்ஷன் டயல். பாபின் ஸ்க்ரூ அதுக்கும் ரொம்பப் பின்னாடி. அதைத் தொட்டே ஆகணும்னா முதலில் மார்க்கரால் ஸ்க்ரூ தலையில் ஒரு கோடு போட்டு போட்டோ எடுத்துக்கங்க. கடிகாரத்தில் அஞ்சு நிமிஷ அளவுக்கு மேல் ஒரே தடவையில் திருகாதீங்க.

டென்ஷன் சரியா தப்பான்னு துணியின் முன்பக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. வேண்டாத துணியில், ஆனா அதே கனமுள்ள துணியில், ஒரு ஐந்து மில்லிமீட்டர் அகல சாட்டின் பட்டை ஓட்டுங்க. திருப்பிப் பாருங்க. நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளை பாபின் நூல், ரெண்டு ஓரத்திலும் மேல் நூலின் கலர். இப்படி இருந்தால் சரி. பின்னாடி வெள்ளையே தெரியலைன்னா மேல் நூல் தொய்வு. பின்னாடி முழுக்க வெள்ளை, முன்னாடியும் ஓரத்தில் வெள்ளைப் புள்ளி எட்டிப் பார்த்தா மேல் நூல் ரொம்ப இறுக்கம், இல்லைன்னா பாபின் நூல் அதன் தட்டுக்குள் உட்காரலை. பாபினைப் போட்டதும் நூலை அந்தப் பள்ளத்தில் 'டிக்'கென்று இழுத்து விடாததுதான் பெரும்பாலும் காரணம்.

பாபின் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய கால் மெஷினின் இரும்பு பாபின் பார்க்க ஒரே சைஸ் மாதிரி இருக்கும், போட்டாலும் உள்ளே போகும். ஆனா உயரத்தில் வித்தியாசம். பல வீட்டு எம்பிராய்டரி மெஷின்களுக்கு 11.5 மி.மீ. உயரமுள்ள பிளாஸ்டிக் பாபின்தான். மேனுவலில் எது போட்டிருக்கோ அது மட்டும்.

நூல் அடிக்கடி அறுந்தா

எங்கே அறுகிறதுன்னு குறிச்சு வைங்க. ஒவ்வொரு தடவையும் டிசைனில் அதே இடத்தில் அறுந்தா சந்தேகம் டிசைன் ஃபைல் மேல். இஷ்டத்துக்கு வெவ்வேறு இடத்தில் அறுந்தா சந்தேகம் மெஷின், ஊசி, நூல் மேல். இந்த ஒரு கேள்வி உங்க வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

அறுந்த முனையையும் பாருங்க. பஞ்சு மாதிரி பிரிஞ்சு இருந்தா எங்கேயோ உரசுது. முதல் குற்றவாளி ஊசி. மேல் நூலின் ஒவ்வொரு துளியும் துணியில் இறுகுவதற்கு முன்னால் ஊசியின் காது வழியாகப் பலமுறை முன்னும் பின்னும் போய் வருது. காதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும். வழக்கமான 40 நம்பர் ரேயான், பாலியஸ்டர் நூலுக்கு 75/11 எம்பிராய்டரி ஊசி. 75 என்பது ஊசித் தண்டு 0.75 மி.மீ. என்பதைச் சொல்லுது. சுமார் எட்டு மணி நேரம் ஓடினதும் ஊசியை மாத்திடுறது நல்லது. "இன்னும் உடையலையே" என்பது சித்தியோட வாதம். உடையும் வரை காத்திருக்கிற பொருள் இல்லை ஊசி. ஒரு ஊசியின் விலையையும் ஒரு பட்டுக் கையின் விலையையும் பக்கத்தில் வெச்சுப் பாருங்க.

ஜரிகை நூல்தான் எல்லாரையும் அழ வைக்கும். அது தட்டையான ஃபிலிம் சுத்தின நூல், முறுக்கிக்கும். 90/14 அளவில், காது பெருசான மெட்டாலிக் ஊசி போடுங்க. வேகத்தைக் குறைங்க, மேல் டென்ஷனை ஒரு படி தளர்த்துங்க, கண்டை மெஷினிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு ஸ்டாண்டில் வைங்க. அந்தத் தூரத்திலேயே பாதி முறுக்கு பிரிஞ்சுடும்.

தையல் விட்டு விட்டு விழுந்தால், ஊசி முழுக்க மேலே போகலை, திரும்பிப் போட்டிருக்கு, இல்லைன்னா வளைஞ்சிருக்கு. வீட்டு மெஷின் ஊசிக்கு மேல்பகுதியில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பெரும்பாலான மெஷின்களில் அது பின்பக்கம் பார்க்கணும். ஏன்னா ஊசியின் பின்பக்கம் காதுக்கு மேலே ஒரு பள்ளம் உண்டு, ஹூக்கின் முனை அந்தப் பள்ளத்தில் நுழைஞ்சுதான் வளையத்தைப் பிடிக்கும். வளைவு இருக்கான்னு தெரிய ஊசியைக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்க. போன் ஸ்கிரீனில் வேண்டாம்.

டிசைன் தள்ளிப் போனா

காலேஜில் 3டி பிரிண்டர் ஓட்டினவங்களுக்கு இது பழகின கதை. அவுட்லைன் ஒரு பக்கம், உள்ளே நிரப்பினது இன்னொரு பக்கம். இதிலும் ஃபிரேமை எக்ஸ், ஒய் திசைகளில் நகர்த்துவது பொதுவாக ஸ்டெப்பர் மோட்டார்தான். இத்தனை ஸ்டெப் போ என்றால் போகும். போய்ச் சேர்ந்ததான்னு பல மெஷின்களில் திரும்பப் பார்ப்பதில்லை. நடுவில் ஏதாவது தடுத்தா ஸ்டெப் தவறிடும், மெஷினுக்குத் தெரியாது. மீதி டிசைன் முழுவதும் அந்த அளவு தள்ளியே விழும்.

ஆக, திடீர்னு ஒரு இடத்திலிருந்து எல்லாமே ஒரே அளவு தள்ளியிருந்தா எதுவோ இடிச்சிருக்கு. மெஷினுக்குப் பின்னாடி சுவர், பக்கத்தில் டீ டம்ளர், ஃபிரேமின் கிளிப் சரியாக மாட்டாதது. எங்க வீட்டில் ஜன்னல் திரை. புடவையிலேயே நேராகப் போடுறவங்க இன்னொண்ணும் கவனிக்கணும். மேசையிலிருந்து தொங்குகிற புடவையின் கனமே ஃபிரேமைப் பின்னால் இழுக்கும். தொங்கவிடாம ஒரு ஸ்டூல் போட்டுத் தாங்குங்க.

திடீர்னு இல்லாம, கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி அதிகமாகிக்கிட்டே போனா மோட்டார் மேல் தப்பில்லை. துணி ஃபிரேமுக்குள் நழுவுது. பேக்கிங் பேப்பர் இல்லாம, இல்லைன்னா பேப்பரை ஃபிரேமில் சேர்க்காம சும்மா அடியில் வெச்சு ஓட்டினா இப்படித்தான் ஆகும். துணியும் பேப்பரும் சேர்ந்து ஃபிரேமுக்குள் இறுகணும். தட்டினா மேளத்தோல் மாதிரி இருக்கணும், ஆனா ஸ்க்ரூவை இறுக்கின பிறகு துணியின் ஓரத்தைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. இழுத்த துணி ஃபிரேமைக் கழற்றினதும் பழைய அளவுக்குச் சுருங்கும், டிசைனைச் சுத்திச் சுருக்கம் நிக்கும். டி-ஷர்ட் மாதிரி நீளுகிற துணிக்கு, கிழிக்கிற பேப்பர் போதாது, வெட்டி எடுக்கிற வகை வேணும்.

மெஷின் நல்லா இருக்கு, ஃபைல்தான் தப்பு

கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களுக்கு இந்தப் பகுதி. டி.எஸ்.டி. ஃபார்மேட்டை எடுத்துக்கங்க. 512 பைட் ஹெடர், அதுக்கப்புறம் ஒரு தையலுக்கு மூணு பைட். எங்கே போகணும்னு இடம் சொல்றதில்லை, போன இடத்திலிருந்து எவ்வளவு நகரணும்னு மட்டும் 0.1 மி.மீ. அலகில் சொல்லும். 1, 3, 9, 27, 81 என்ற எடைகளைக் கூட்டியும் கழிச்சும் எண்ணை எழுதுவாங்க. எல்லாத்தையும் கூட்டினா 121. அதனால் ஒரு நகர்வின் உச்சம் 12.1 மி.மீ. அதுக்கு மேல் போகணும்னா பல தாவல்களாக உடைக்கணும். நூலின் கலர் என்னன்னு இந்த ஃபைலில் கிடையாது, 'இங்கே நிறுத்தி நூல் மாத்து' என்பது மட்டும் உண்டு. மயில் டிசைன் திரையில் சிவப்பாகத் தெரிஞ்சா ஃபைல் கெட்டுப்போச்சுன்னு பயப்பட வேண்டாம்.

ஆனா அளவை மாத்துறதில் உண்மையான ஆபத்து இருக்கு. சில மெஷின்கள் சுருக்கும்போது தையல் எண்ணிக்கையைத் திரும்பக் கணக்கிடுவதில்லை. ஒரு டிசைனை நீள அகலத்தில் 20 சதவீதம் சுருக்கினா பரப்பு 0.8 × 0.8, அதாவது 0.64 ஆகும். அதே தையல்கள் அந்தச் சின்ன இடத்தில் திணிக்கப்படும். அடர்த்தி ஒன்றரை மடங்குக்கும் மேல். நூல் அறும், ஊசி சூடாகும், துணி அட்டை மாதிரி விறைக்கும். சித்தி வீட்டில் ஒரு மாங்கா டிசைன் எப்பவும் ஒரே இடத்தில் அறுந்துகொண்டிருந்ததுக்கு இதுதான் காரணம். டிசைன் சாஃப்ட்வேரில் அடர்த்தியைத் திருத்தி, வரிசைகளுக்கு நடுவே 0.4 மி.மீ. வருகிற மாதிரி மறுபடி எடுத்ததும் ஒரு தடவைகூட அறலை.

எண்ணெய், பஞ்சு

பாபின் இருக்கிற இடத்தைப் பிரஷ்ஷால் சுத்தம் பண்ணுங்க. வாயால் ஊதினா ஈரம் போகும், பஞ்சும் இன்னும் உள்ளே போகும். எண்ணெய் மேனுவல் சொல்லுகிற இடத்தில் மட்டும், தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. சில மாடல்களுக்கு எண்ணெயே விடக் கூடாது. தேங்காய் எண்ணெய் விடுறவங்களை நான் பார்த்திருக்கேன். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். மார்கழிக் காலையில் ஹூக்குக்குள் உறைஞ்ச எண்ணெயும் பஞ்சும் சேர்ந்தால் என்ன ஆகும்னு யோசிங்க.

எப்போ மெக்கானிக்கைக் கூப்பிடணும்?

ஊசி ஃபிரேம் மேலேயோ ஊசித்தட்டு மேலேயோ பலமா இடிச்சு உடைஞ்சு, அதுக்கப்புறம் புது ஊசி, புது நூல் போட்டும் ஒரு தையல்கூட விழலைன்னா ஹூக் டைமிங் நகர்ந்திருக்கலாம். ஊசி அடிமட்டத்திலிருந்து சுமார் இரண்டு, இரண்டரை மி.மீ. ஏறும்போது ஹூக் முனை சரியாக ஊசிக்குப் பின்னால் வந்து நிக்கணும். ரெண்டுக்கும் நடுவில் இடைவெளி ஒரு தாள் அளவுதான். இதை யூடியூப் பார்த்து நாமே சரி பண்ணலாம்னு கை துறுதுறுக்கும். சம்பாதிக்கிற மெஷினில் வேண்டாம்.

கூப்பிடும்போது "மெஷின் ஓடலை" என்று மட்டும் சொல்லாதீங்க. கெட்டுப்போன தையலை முன்பக்கமும் பின்பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்க. என்ன நூல், என்ன ஊசி, டென்ஷன் எண் எவ்வளவு, நீங்க எதை எல்லாம் மாத்தினீங்க, இதை ஒரு தாளில் எழுதி வைங்க. சித்தி இப்போ மெஷின் பக்கத்தில் ஒரு பழைய காலண்டரைத் தொங்கவிட்டிருக்காங்க. ஊசி மாத்தின தேதியும், அன்னைக்கு ஓட்டின சாட்டின் பட்டையும் அதிலேயே பின் குத்தி இருக்கும். மெக்கானிக் அண்ணன் அடுத்த தடவை வந்தப்போ மெஷினைத் தொடறதுக்கு முன்னால் அந்தக் காலண்டரைத்தான் புரட்டினார்.